நாலு மில்லி குறைந்த இறக்கை

போன மாதம், ஐம்பத்தோரு வயதில், நான் ஒரு விமானத்தைக் கரைத்துவிட்டேன். உடைக்கவில்லை, தொலைக்கவில்லை. கரைத்தேன். நான்கு நாள் உட்கார்ந்து தெர்மாகோலில் செய்த இரட்டை இறக்கை விமானம் அது. மேல் இறக்கையை ஒட்டுவதற்குக் கடைக்காரர் கொடுத்த டியூபைப் பிதுக்கித் தடவிவிட்டுக் காபி கலக்கப் போனேன். திரும்பி வந்து பார்த்தால், இறக்கை இருந்த இடத்தில் வெள்ளையாகக் கொழகொழவென்று ஏதோ வழிந்துகொண்டிருந்தது. கணவர் எட்டிப் பார்த்து, "என்ன, பால்கோவாவா?" என்றார்.

வெட்கம் கரைந்ததற்காக அல்ல. ரப்பர் பசை தெர்மாகோலைத் தின்றுவிடும் என்பது எனக்குப் பதினோரு வயதிலேயே தெரியும். சைக்கிள் பஞ்சருக்குப் போடும் சொலூஷனைத் தடவி என் முதல் விமானத்தை ஓசூரில் கரைத்தவள் நான். இடைப்பட்ட நாற்பது வருடங்களில் கண்ட புத்தகங்களையெல்லாம் படித்து, உருப்படியாகத் தெரிந்திருந்த ஒன்றை மறந்திருக்கிறேன். உங்களில் ஐம்பதைத் தாண்டியவர்கள் இதைப் படித்துச் சிரிக்க மாட்டீர்கள் என்ற தைரியத்தில்தான் சொல்கிறேன். நீங்களும் போன வாரம் எதையாவது கரைத்திருப்பீர்கள்.

உங்களுக்குத் தெர்மாகோல் என்றால் கல்யாண மேடையில் மணமக்கள் பெயர், பள்ளிக்கூடக் கண்காட்சியில் எரிமலை. எங்கள் வீட்டில் அது பிழைப்பு. அப்பா ஓசூர் தொழிற்பேட்டையில் ஒரு பவுண்டரியில் பேட்டர்ன் செய்பவர். எந்திரத்தின் பாகத்தை முதலில் தெர்மாகோலில் அச்சு அசலாகச் செதுக்க வேண்டும். மெழுகு வைத்து இடுக்குகளை மூடி, மேலே ஒரு பூச்சுப் பூசி, காய்ந்ததும் மணலில் புதைப்பார்கள். மேலேயிருந்து உருகிய இரும்பை ஊற்றினால் தெர்மாகோல் புகையாகிப் போய்விடும். அது இருந்த இடத்தில் இரும்பு உட்கார்ந்துகொள்ளும். அப்பா பத்து நாள் செதுக்கியது பத்து நொடியில் காலி. "நம்ம வேலை கரெக்டா இருந்தா ஒண்ணும் மிஞ்சாது, தப்பா இருந்தாதான் எல்லாரும் கூடி நின்னு பாப்பாங்க" என்பார்.

வெட்டி எறிந்த துண்டுகளை வாரம் ஒரு பை வீட்டுக்குக் கொண்டுவரலாம். அதற்குக் கேட் பாஸ் உண்டு. அந்தப் பையைத் திறந்ததும் எங்கள் லைன் வீட்டில் பனி பெய்யும். ஓசூரின் ஆடிக் காற்றுக்கு அந்த வெள்ளை மணிகள் தலைமுடியில் ஒட்டும், ரசத்தில் மிதக்கும், துடைப்பத்தால் கூட்டினால் துடைப்பத்திலேயே ஒட்டிக்கொண்டு திரும்பி வரும். அம்மாவுக்குச் சூளகிரிப் பக்கம். சாதாரணக் கோபம் தமிழில் வரும், கூடுதல் கோபம் தெலுங்கில் வரும். தெர்மாகோலை எப்போதும் தெலுங்கில்தான் கூட்டினாள்.

விமானம் செய்யும் யோசனை எதிர்வீட்டுக்காரியுடையது. என் வயதுதான், அவள் வீட்டில் கன்னடம். வெளியே வந்தால் தமிழ், ஆனால் அவசரம் வந்தால் மறுபடி கன்னடம். ஏன் இரட்டை இறக்கை என்று கேட்டால் பெரிய விஞ்ஞானம் ஒன்றும் இல்லை. அப்பா கொண்டுவரும் துண்டுகளில் நீளமானது கிடைக்காது. ஒரே இறக்கையாக நீட்டி வைக்க வழி இல்லாததால், குட்டையான இரண்டை மேலும் கீழுமாக அடுக்கினோம். பிற்பாடு புத்தகங்களில் படித்தபோது, நிஜ விமானம் செய்தவர்களும் கிட்டத்தட்ட இதே கஷ்டத்தில்தான் அடுக்கியிருக்கிறார்கள் என்று தெரிந்தது. எங்களிடம் கேட்டிருக்கலாம்.

மெழுகுவத்தியில் காய்ச்சிய ஆக்ஸா பிளேடால் அறுப்போம். வெண்ணெயில் கத்தி இறங்குவது மாதிரி இறங்கும், பிளாஸ்டிக் கருகும் நாற்றம் மட்டும் மூக்கை விட்டு இரண்டு நாள் போகாது. இறக்கைகளுக்கு நடுவே முட்டுக் கொடுக்க ஊதுவத்திக் குச்சி. சக்கரத்துக்குச் சட்டைப் பட்டன். மூக்கில் கனத்துக்கு ஒரு நட்டு. தொழிற்பேட்டை ரோட்டில் நடந்தால் ஒரு விமானப் படைக்கே வேண்டிய நட்டுகள் கிடக்கும்.

அளப்பதற்கு என் பள்ளிக்கூடப் பிளாஸ்டிக் ஸ்கேல். அது போதாது என்று ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் அப்பாவின் கருவிப் பெட்டியிலிருந்து ஒரு இரும்பு ஸ்கேலை எடுத்தேன். பெட்டியில் ஒரே மாதிரி இரண்டு இருந்தன. ஒன்று போனால் தெரியாது என்று என் கணக்கு. மேல் இறக்கையை இரும்பு ஸ்கேலில் அளந்து நான் அறுத்தேன், கீழ் இறக்கையைப் பிளாஸ்டிக் ஸ்கேலில் அளந்து அவள் அறுத்தாள். இரண்டையும் சேர்த்து வைத்தால் அவளுடையது ஒரு நூல் குட்டை.

"உனக்கு அளக்கவே தெரியலடீ."

"நான் கரெக்டா முப்பது வெச்சேன். உன் ஸ்கேல்தான் பொய் சொல்லுது."

இரண்டு ஸ்கேலையும் ஒட்டி வைத்துப் பார்த்தோம். முப்பதாவது கோடு நிஜமாகவே ஒத்துப்போகவில்லை. இரும்பு ஸ்கேலின் கோடு மூன்று மில்லி மீட்டர் தள்ளி இருந்தது. பிளாஸ்டிக் ஸ்கேல் மலிவானது, அதனால் அதுதான் தப்பு என்று முடிவு செய்தோம். இரும்பு ஸ்கேலை என் புத்தகப் பையில் பத்திரப்படுத்தினேன். அந்த இறக்கைகளைத்தான் பஞ்சர் சொலூஷன் தின்றது.

இங்கே வீட்டு நிலவரத்தைச் சொல்ல வேண்டும். அப்பா அப்போது மூன்று வருடமாக டெம்பரரி. ஆவணியில் இரண்டு பேரைப் பர்மனென்ட் ஆக்கப்போவதாகப் பேச்சு. எங்கள் வீட்டில் எல்லா வாக்கியமும் அந்தச் சொல்லில்தான் ஆரம்பிக்கும். பர்மனென்ட் ஆனதும் கேஸ் அடுப்பு. பர்மனென்ட் ஆனதும் ஓடு ஒழுகாத வீடு. பர்மனென்ட் ஆனதும் எனக்கு நீலநிற சைக்கிள். ஆனால் சித்திரையில் அப்பா செய்த ஒரு பேட்டர்னில் அளவு பிசகி, ஊற்றிய வார்ப்பு அப்படியே ரிஜெக்ட் ஆகியிருந்தது. போர்மேன் அப்பாவைத் தனியாகக் கூப்பிட்டு, "இன்னொரு ரிஜெக்ட் வந்துச்சுன்னா உன் பேரை நான் எழுத முடியாதுய்யா" என்று சொல்லிவிட்டார். அன்றிலிருந்து அம்மா எங்கள் தெருப் பிள்ளையாரிடம் தினமும் பேசினாள். தமிழில்தான், மரியாதையாக.

இந்த நிலவரம் எனக்கு நன்றாகத் தெரியும். இதை நினைவில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

அந்தச் சனிக்கிழமை அப்பா கொண்டுவந்தது துண்டுப் பை அல்ல. செய்தித்தாளில் சுற்றிய ஒற்றைத் தெர்மாகோல். முதல் நாள் அவர் செதுக்கியது, ஒரு பெரிய பேட்டர்னில் கைபோல நீளும் பாகம்; கை என்றே சொல்வார்கள். நாற்பது சென்டிமீட்டர் நீளம், உள்ளங்கை அகலம். உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பது மட்டும் பாக்கி. திங்கட்கிழமை முதல் ஷிப்டில் அதைக் கொண்டுபோய் ஒட்ட வேண்டும். "அங்க வெளிச்சம் பத்தல. நம்ம வாசல்ல உக்காந்தா நல்லா தெரியும்" என்று சொல்லிப் பீரோ மேல் வைத்தார். திருப்பிக் கொண்டுவர வேண்டும் என்று கேட் பாஸில் எழுதி, அனுமதி வாங்கிக் கொண்டுவந்திருந்தார்.

ஞாயிறு காலை தேன்கனிக்கோட்டையிலிருந்து சேதி வந்தது, பெரியப்பாவின் ராகிக் காட்டில் யானை இறங்கிவிட்டதாக. அப்பா பாதியில் வேலையைப் போட்டுவிட்டுப் பஸ் ஏறினார். அம்மா துணி துவைக்கப் போனாள். நானும் எதிர்வீட்டுக்காரியும் நாற்காலி போட்டு ஏறிப் பீரோ மேலிருந்ததை எடுத்துச் செய்தித்தாளைப் பிரித்தோம்.

இன்றுவரை அந்தத் தெர்மாகோலை நான் மறக்கவில்லை. அப்பாவின் கை பட்டுப் பட்டு அது சோப்புக்கட்டி போல வழவழவென்று இருந்தது. நடுவில் லேசாகப் புடைத்து, ஓரத்துக்கு வரவர மெலிந்து, நிஜ விமானத்தின் இறக்கை எப்படி இருக்குமோ அப்படியே. இரண்டாகப் பிளந்தால் மேல் இறக்கை, கீழ் இறக்கை. அளந்து வைத்தது போல.

"ஏய், இது ஸ்கிராப் இல்லடீ. நோடு, நம்பர் போட்டிருக்குது."

"பென்சில்தானே. அழிச்சா போயிடும்."

"மாமாவுக்குத் தெரிஞ்சா?"

"எங்கப்பா இப்பல்லாம் எதையும் உத்துப் பாக்கறதே இல்ல."

"பேடா, பேடா" என்று சொல்லிக்கொண்டே அவள்தான் மெழுகுவத்தியைப் பற்றவைத்தாள். அவளுடைய வேண்டாமுக்கு எப்போதும் அவ்வளவுதான் பலம்.

நாற்பது வருடமாக இந்தக் கதையைச் சொல்லும்போதெல்லாம், அது ஸ்கிராப் என்று நினைத்துவிட்டேன் என்றே சொல்லி வந்திருக்கிறேன். இல்லை. தெரியும். நம்பரை அழித்த ரப்பர் என்னுடையது.

விமானம் மத்தியானத்துக்குள் தயாராகிவிட்டது. இம்முறை வெள்ளைப் பசை. லைன் வீடுகளின் கோடியில் உயரமான தண்ணீர்த் தொட்டி இருந்தது. எதிர்வீட்டுக்காரி அதன்மேல் ஏறி நின்றாள். நான் கீழே நின்றேன், எண்ணுவதற்கு. தொழிற்பேட்டைப் பக்கமிருந்து காற்று வந்தது, இரும்பும் ஈர மண்ணும் கலந்த வாசனையோடு. அவள் கையை விட்டாள். ஒண்ணு. மூக்கு நிமிர்ந்தது. ரெண்டு. சுவரைத் தாண்டியது. மூணு. செவ்வரளிச் செடியில் போய் உட்கார்ந்தது.

"ஹாரித்து! ஹாரித்து!" பறந்துவிட்டது என்று அவள் தொட்டிமேல் நின்று கத்தியது பக்கத்துத் தெருவரை கேட்டிருக்கும். நானும் கன்னடத்தில் கத்தினேன். சந்தோஷத்தில் எல்லா மொழியும் வந்துவிடுகிறது.

அப்பா ஐந்து மணிக்கு வந்தார். பெரியப்பா கொடுத்த ராகிப் பையைத் திண்ணென்று இறக்கி வைத்து, "பாதிக் காடு இல்ல. மிச்சத்தை மனுசன் திங்கட்டும்னு விட்டுட்டுப் போயிருக்குது" என்று அம்மாவிடம் சொல்லிக்கொண்டே கால் கழுவினார். துண்டால் முகம் துடைத்தபடி பீரோ மேல் கையை விட்டார். கை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை போனது. திரும்பி வந்தது. மறுபடி போனது.

"பாப்பா, இங்க ஒண்ணு வெச்சிருந்தேனே."

நான் விமானத்தை நீட்டினேன். வேறு என்ன செய்ய? ஓடுவதற்கு வாசலில் அம்மா நின்றிருந்தாள்.

அப்பா அதை வாங்கி முகத்தருகே கொண்டுவந்தார். பிறகு கை நீட்டித் தூரமாகப் பிடித்தார். அப்புறம் கண்ணை விட்டுவிட்டு விரலால் மேல் இறக்கையைத் தடவினார். விரல்தான் கண்டுபிடித்தது. அப்படியே தரையில் உட்கார்ந்தார்.

"எந்த பனி சேஸ்திவே!", என்ன காரியம் பண்ணிட்டே என்று அம்மா தெலுங்கில் ஆரம்பித்துப் பாதியில் நிறுத்திவிட்டாள். எனக்கு அதுவரை பயம் இல்லை. அம்மா நிறுத்தியதும் வந்தது.

"திருப்பி ஒட்டிடலாமா மாமா?" என்று எதிர்வீட்டுக்காரி கேட்டாள். ஓடாமல் நின்றதற்காக அவளுக்கு நான் இன்றும் கடமைப்பட்டிருக்கிறேன்.

"ஒட்டு போட்டா இரும்புல தெரியும் கண்ணு. புதுசாதான் செய்யணும். இந்தத் தடிமன்ல தெர்மாகோலுக்கு ஞாயித்துக்கிழம எங்க போறது?"

அவள் காணாமல் போனாள். ஐந்து நிமிடத்தில் மூச்சிரைக்கத் திரும்பினாள், தன் தலையைவிடப் பெரிய வெள்ளைக் கட்டியோடு. அவர்கள் வீட்டு டிவி வந்த பெட்டியின் தெர்மாகோல். உங்களுக்கு நினைவிருக்கும், அந்தக் காலத்தில் டிவியைவிட டிவி பெட்டிக்கு மரியாதை அதிகம். அவள் அப்பாவுக்கு டிரான்ஸ்பர் வந்தால் கட்டிக்கொண்டு போவதற்காகப் பரண்மேல் துணி போட்டு மூடி வைத்திருந்தார்கள். அவள் யாரையும் கேட்கவில்லை. அடுத்த வருடம் அந்த டிவி இரண்டு ரஜாய்ப் போர்வையில் சுற்றிப் பயணம் செய்தது.

அப்பா கட்டியைத் தட்டிப் பார்த்தார். "மணி கொஞ்சம் பெருசு. மெழுகு தடவிச் சரி பண்ணிக்கலாம்." வரைபடத்தை விரித்தார். பெட்டியிலிருந்து இரும்பு ஸ்கேலை எடுத்தார். அந்தப் பழைய கையின் அளவை முதலில் சரிபார்க்க, எங்கள் இறக்கையின் மேல் ஸ்கேலை வைத்து, "நாப்பது... கரெக்ட்" என்றார்.

"மாமா, அது சின்ன ஸ்கேல்" என்றாள் எதிர்வீட்டுக்காரி. "எங்க ஸ்கேல்ல வெச்சா நாப்பது வராது. கம்மியா வரும்."

"எங்க ஸ்கேலா? எந்த ஸ்கேலு?"

புத்தகப் பையிலிருந்து அதை நான் எடுத்தேன். அப்பா வாங்கித் திருப்பினார். ஒரு முனையில் பொடி எழுத்து வெட்டியிருந்தது. கையை நீட்டிப் பார்த்தார், மடக்கிப் பார்த்தார், விளக்கின் கீழ் கொண்டுபோனார். கடைசியில் என் பக்கம் நீட்டினார்.

"என்ன போட்டிருக்குது, படி."

"நூத்துல ஒண்ணு... ஷ்ரிங்கேஜ்."

இரும்பு ஆறும்போது சுருங்கும். நூற்றுக்கு ஒன்று. அதனால் பேட்டர்னை அந்த அளவு பெரிதாகச் செய்ய வேண்டும். ஒவ்வொரு தடவையும் கணக்குப் போட்டுக்கொண்டிருக்க முடியாது என்று, பேட்டர்ன்காரர்களுக்கென்றே எல்லாக் கோட்டையும் கொஞ்சம் தள்ளித் தள்ளிப் போட்ட ஸ்கேல் உண்டு. பார்க்கச் சாதாரண ஸ்கேல் மாதிரியேதான் இருக்கும். முனையில் இருக்கும் பொடி எழுத்துதான் அடையாளம். வியாழக்கிழமை நான் எடுத்தது அதை. வெள்ளிக்கிழமை அப்பா பெட்டியில் கைவிட்டபோது அகப்பட்டது மற்றொன்று.

"அப்போ நான் எதுல அளந்து செஞ்சேன்?" என்றார் அப்பா. யாரையும் பார்த்துக் கேட்கவில்லை.

சரியான ஸ்கேலை இறக்கைமேல் வைத்து நானே படித்தேன். முப்பத்தொன்பது புள்ளி ஆறு. நாலு மில்லி குறைவு. அதை அப்படியே ஒட்டி ஊற்றியிருந்தால் போல்ட்டுத் துளை உட்கார்ந்திருக்காது. இன்னொரு ரிஜெக்ட்.

பிறகு அம்மா, தமிழில், மெதுவாகக் கேட்டாள்: "எழுத்து தெரியலயாங்க உங்களுக்கு?"

அப்பா ஸ்கேலைத் துண்டால் துடைத்தார். "ஒரு வருசமா?" என்றாள். மறுபக்கத்தையும் துடைத்தார்.

தினமும் சாயங்காலம் செய்தித்தாளை என் கையில் கொடுத்து, "சத்தமா படி கண்ணு, உச்சரிப்பு திருந்தும்" என்பார். என்மேல் இருந்த அக்கறை என்று நான் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன். வாசல் வெளிச்சத்துக்காக வேலையை வீட்டுக்குக் கொண்டுவந்ததும் இதற்குத்தான் என்று எனக்குப் புரியப் பல வருடம் ஆனது. டெம்பரரி ஆள் கண்ணாடி போட்டால் கண் போன ஆள் என்று கழித்துவிடுவார்கள் என்பது அவர் பயம். நான் இன்று நாலு புத்தகம் படித்தவள் என்று பெயரெடுத்திருக்கிறேன் என்றால், அதற்கு முதல் காரணம் அப்பாவின் சாளேசுரம்.

"சரி, அளவை நீ படி. நான் அறுக்கறேன்" என்றார் அப்பா. நான் படித்தேன், எதிர்வீட்டுக்காரி சரிபார்த்தாள், அம்மா மெழுகு உருக்கினாள். இரவுச் சாப்பாட்டு நேரத்துக்குள் புதிய கை முடிந்துவிட்டது. காலையில் கேட்டில் செக்யூரிட்டி பாஸைப் பார்த்தாராம், ஒன்று போனது, ஒன்று வந்தது. விட்டுவிட்டார்.

புதன்கிழமை இரும்பு ஊற்றினார்கள். வெள்ளிக்கிழமை மணலைத் தட்டி அளந்தார்கள். அன்று அப்பா வாசலுக்கு வரும் முன்பே, செருப்புச் சத்தத்திலேயே, வார்ப்பு தேறிவிட்டது என்று அம்மா கண்டுபிடித்துவிட்டாள். உள்ளே போய்ப் பிள்ளையார் இருக்கும் திசையைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு, என் முதுகில் ஒன்று வைத்தாள். ஞாயிற்றுக்கிழமை பாக்கி அது. ஐந்து நாளாக அந்த அடிக்குக் காத்திருந்த எனக்கு, பட்டதும் அப்பாடா என்று இருந்தது.

மறுநாளே அம்மா அப்பாவைக் கண் டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள். கண்ணாடி வந்தும் ஒரு வாரம் அதைச் சட்டைப் பைக்குள் ஒளித்து வைத்துத்தான் வேலைக்குப் போனார். போர்மேன் பார்த்துவிட்டாராம்.

"எதுக்குய்யா ஒளிக்கிற?"

"கண்ணாடி போட்டா பேரை எழுத மாட்டீங்கன்னு நெனச்சேன் சார்."

"யோவ், என் மூக்கு மேல என்ன இருக்குது?"

மூன்று வருடமாக அவர் முகத்தை அப்பா நிமிர்ந்து பார்த்ததே இல்லை போலிருக்கிறது. டெம்பரரி ஆளின் கண் போர்மேனின் செருப்பைத் தாண்டாதே.

ஆவணியில் பர்மனென்ட் ஆனார். கேஸ் அடுப்பு வந்தது. சைக்கிளும் வந்தது, நீலத்துக்குப் பதில் பச்சையில். அறுத்த இறக்கைகள் பவுண்டரிக்கு இனி வேண்டாதவை. அதனால் விமானம் சட்டப்படி எங்களுடையதாகி, நூலில் கட்டிக் கூரையில் தொங்கியது. நான் அதைக் காட்டிக் காட்டி, அப்பாவைப் பர்மனென்ட் ஆக்கியது இந்த விமானம்தான், இதைச் செய்தது நான்தான் என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். மூன்று எண்ணும்வரை பறந்ததையும் மறக்காமல் சேர்ப்பேன்.

ஆர்டர் கைக்கு வந்த சாயங்காலம் அப்பா முதல்முறையாக வீட்டில் கண்ணாடியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தார். உள்ளங்கையைப் பார்த்தார். குனிந்து காபி நீட்டிய அம்மாவைப் பார்த்து, "உனக்கு எப்ப நரைச்சுது?" என்று கேட்டார். காபி நின்றது. பிறகு எழுந்து விமானத்தின் கீழே போய் நின்று, நூலோடு முகத்தருகே இழுத்து, வெகுநேரம் பார்த்தார். பாராட்டுக்காக நான் தயாராகப் பக்கத்தில் போய் நின்றேன்.

"ரெக்கை ரெண்டையும் தலைகீழா ஒட்டியிருக்கீங்க" என்றார். "பொடைச்ச பக்கம் மேல வரணும். இது எங்க பறந்திருக்கப்போவுது கண்ணு? தண்ணித் தொட்டி மேலருந்து வெறும் தெர்மாகோலைத் தள்ளிவிட்டாலும், கீழ வர்றதுக்குள்ள மூணு எண்ணலாம்."